மீந்த பாய்த்துணி

திரையின் கால்மாட்டு மூலை மட்டும் விலக மறுத்தது. கெர்ப்ரண்ட் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். பாய்க்கொட்டகையில் பகல் முழுக்கக் குனிந்து கப்பற்பாய் தைத்துவிட்டு வந்திருந்தான். காலுறையைக் கழற்றக் கட்டில் விளிம்பில் சற்று உட்காரலாம் என்றுதான் திரையை ஒதுக்கினான். ஹோர்ன் துறைமுகத்து வீடுகள் எல்லாவற்றிலும் போல அங்கேயும் கட்டில் சுவருக்குள் பதிந்திருந்தது. மூன்று பக்கம் பலகை, நான்காவது பக்கம் திரை. இழுத்து மூடிக்கொண்டால் கடற்காற்று எத்தனை ஊளையிட்டாலும் உள்ளே வராது.

குனிந்து தடவினான். திரையின் கீழ் விளிம்பும் வைக்கோல் மெத்தையின் விளிம்பும் ஒரு சாண் நீளத்துக்குச் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. வீட்டு நூல் இல்லை, தார் பூசிய கப்பல் நூல். பசை விரலில் ஒட்டியது.

"ஆல்த்யே, இதை யாரு தைச்சது?"

அடுப்படியில் பட்டாணிக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த அவன் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "எதை?"

"திரையை. மெத்தையோட சேர்த்து யாரோ தைச்சிருக்காங்க."

"இந்த வீட்ல பாய்த் தையக்காரன் யாரு, நீயா நானா? கொட்டகையில தைச்சது பத்தாம தூக்கத்துலயும் தைக்கிறியோ என்னவோ." அவள் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "காலைத் துடைச்சியா? இப்பத்தான் தரையைத் தேய்ச்சேன்."

அவன் விளக்கை எடுத்து வந்து தையலின் அருகே பிடித்தான். நெருக்கமான, ஒரே சீரான தையல். கற்றுக்குட்டி கை இல்லை. ஆனால் ஒவ்வொரு தையலும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரனின் தையல். பாய்த் தையற்காரனுக்கு இன்னொருவன் தையல் கையெழுத்துக்குச் சமம், பார்த்தவுடனே ஆள் தெரிந்துவிடும். கெர்ப்ரண்டுக்கும் தெரிந்தது. கத்தியை எடுத்து நூலை அறுத்துப் பிடுங்கி அடுப்பில் போட்டான்.

வீபே செத்துப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

வீபேவும் அவனும் ஒரே வணிகக் கம்பெனிக் கப்பலில் பாய்த் தையற்காரர்களாக இருந்தவர்கள். கீழ்த்திசைத் துறைமுகமான பத்தாவியாவில் மிளகும் ஜாதிக்காயும் ஏற்றிக்கொண்டு திரும்பிய பயணம் அது. வீபே உயரமானவன், சிரித்த முகம், இடது கைக்காரன், தைக்கும்போது பல்லிடுக்கில் எப்போதும் சீட்டியடித்துக்கொண்டிருப்பான். கப்பலில் நாயிலிருந்து மாலுமித் தலைவன் வரை எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அதுவே கெர்ப்ரண்டுக்கு வயிற்றெரிச்சல். அதோடு ஆல்த்யே வேறு வீபேக்கென்று நிச்சயமாகியிருந்தாள். மீன் சந்தையில் அவளை முதலில் பார்த்தவன் கெர்ப்ரண்ட். போய்ப் பேசியவன் வீபே. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசத்தை நினைத்து நினைத்துக் கெர்ப்ரண்ட் பாதி உலகத்தையும் புழுங்கிக்கொண்டே சுற்றி வந்தான்.

"ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போனா அவ என்ன சொல்வா தெரியுமாடா?" வீபே பாயை மடியில் போட்டுக்கொண்டு கேட்பான். "கட்டிப் பிடிக்க மாட்டா, அழ மாட்டா. வாசல்ல நின்னு பார்த்துட்டு, 'வந்துட்டியா?'ம்பா. அது ஒண்ணுதான். அவ அதைச் சொல்ற விதம் இருக்கே... அதுக்காகவே இன்னொரு தடவை பத்தாவியா போய்ட்டு வரலாம்."

"சரி சரி, நூலை இழு," என்பான் கெர்ப்ரண்ட்.

இப்போது அவள் கெர்ப்ரண்டின் மனைவி. கொட்டகையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு மாலையும் வாசலில் ஒரு கணம் தயங்கி நிற்பான். அந்த வார்த்தை தனக்கும் ஒரு நாள் வராதா என்று காது கொடுப்பான். அவளோ அன்பில்லாதவள் இல்லை, சோம்பேறி இல்லை, ஒரு குறை சொல்ல முடியாது. கஞ்சி சூடாக இருக்கும், சட்டை வெளுத்திருக்கும். காலைத் துடைச்சியா என்று மட்டும்தான் கேட்பாள். செத்தவனிடம் தோற்றுக்கொண்டே இருப்பதைப் போல ஒரு கேவலம் உண்டா?

அடுத்த நாள் மாலை தையல் மறுபடி இருந்தது. இப்போது படுப்பவனின் முழங்கால் இருக்கும் இடம் வரை.

கெர்ப்ரண்டுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மனிதர்களின் துரோகத்தில் நிறைய நம்பிக்கை உண்டு. பகலில் யாரோ வருகிறான். இவள் கதவைத் திறந்துவிடுகிறாள். வருகிறவன் கப்பல்காரன், இடக்கைக்காரன், வந்துபோன அடையாளத்தைக் கெர்ப்ரண்டின் கட்டிலிலேயே தைத்து வைத்துவிட்டுப் போகும் அளவுக்குத் திமிர் பிடித்தவன். கணக்கு இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதில் அவனுக்கு ஒருவகைத் திருப்திகூட ஏற்பட்டது.

கொட்டகையில் எல்லோருடைய கைகளையும் கவனித்தான். ஊசி தள்ளும் தோலுறையை இடது கையில் மாட்டித் தைப்பவன் அங்கே ஒருவன்தான், டீர்க் என்று புதிதாக வந்த அரும்புதாடிப் பையன். நாள் முழுக்க அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடப் போனால் பின்னாலேயே போனான், ஒதுங்கப் போனாலும் போனான்.

"என்னண்ணே, என் மேல ஏதும் ஆசையா?" என்று டீர்க் கேட்க, கொட்டகையே சிரித்தது.

அன்று டீர்க் அவன் கண்ணைவிட்டு அகலவில்லை. அன்று மாலை வீட்டில் தையல் தொடை வரை ஏறியிருந்தது.

மறுநாள் மாலை வாசலில் பக்கத்து வீட்டு கிரீட் ஹெர்ரிங் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஊர் வம்பில் வாழ்கிறவள். "ஏம்ப்பா கெர்ப்ரண்ட், வேலைக்குப் போகாம வீட்லயே உக்காந்து சீட்டியடிக்கிற போல? நல்ல வாழ்க்கைதான்."

"நான் எங்க வீட்ல இருந்தேன்? இப்பத்தானே வரேன்."

"அப்ப மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் சீட்டியடிச்சது யாரு? பல்லிடுக்குல அடிக்கிற மாதிரி, மெல்லமா." கிரீட் மீனின் வயிற்றைக் கிழித்து விரலை விட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "எனக்கெதுக்கு வம்பு. காது மந்தமாப் போச்சு எனக்கு."

அவன் உள்ளே போனான். தரை ஈரமாக இருந்தது, ஆல்த்யே தேய்த்திருப்பாள். ஆனால் சோப்பு வாசனை இல்லை. அலையிறங்கிய பிறகு துறைமுகச் சுவரில் அடிக்கும் வாசனை, பாசியும் தாரும் அழுகிய கயிறும் கலந்தது, கட்டிலின் பக்கமிருந்து வந்தது. ஆல்த்யே சமையலறைச் சன்னலருகே உட்கார்ந்து காலடியில் கரிச்சட்டியை வைத்துக் குளிர் காய்ந்தபடி காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு பொலிவு. கல்யாணமான இந்த ஒரு வருடத்தில் அவன் பார்க்காத பொலிவு. கெர்ப்ரண்டின் நெஞ்சு பற்றி எரிந்தது.

"இன்னிக்கு யாரு வந்தா?"

"யாரும் வரலையே."

"சீட்டிச் சத்தம் கேட்டுச்சாமே."

பின்னல் ஊசிகள் நின்றன. "உனக்கும் கேட்டுச்சா?" என்றாள். ஆசையாகக் கேட்டாள். அதுதான் பொறுக்கவில்லை. "நான் என் பிரமைன்னு நினைச்சேன் கெர்ப்ரண்ட். காத்து ஓட்டைக்குள்ள புகுந்து வரும்போது சில நேரம் அப்படித்தான்... அவன் அடிக்கிற மாதிரியே."

"எவன்?"

அவள் மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

அவன் ஆத்திரத்தில் கட்டிலுக்குப் போய்த் தையலை அறுத்தான், மெத்தையைப் பிடித்து இழுத்தான். கால்மாட்டில் மெத்தை நகரவில்லை. கனத்தது. வைக்கோலுக்குள் கையை விட்டான். உருண்டையாக, சில்லென்று ஏதோ பட்டது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டையும் வெளியே எடுத்தான். பீரங்கிக் குண்டுகள். துருவேறி, மேலெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தன, உப்பு நீர் சொட்டியது.

நடுக்கடலில் செத்தவனைப் பாய்த்துணியில் வைத்துத் தைக்கும்போது, மிதக்காமல் இருக்கக் காலடியில் இரண்டு குண்டு வைப்பது வழக்கம். வீபேயின் காலடியில் வைத்தவன் கெர்ப்ரண்ட்தான்.

வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தான். இதுவரை தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை அங்கே உட்கார்ந்து நினைத்துப் பார்த்தான்.

காய்ச்சல் வீபேயைச் சாய்த்தபோது கப்பல் பாதி வழி தாண்டியிருந்தது. ஒரு காலை வைத்தியர் நாடி பார்த்து, போய்விட்டான் என்று கையை விட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். புதிய பாய்த்துணியில் ஒரு துண்டை வெட்டி, கெர்ப்ரண்ட் அவனைக் காலிலிருந்து தைத்துக்கொண்டு வந்தான். கால், இடுப்பு, மார்பு, கழுத்து. கடைசித் தையலை மூக்கின் நடுவே கோத்துப் போட வேண்டும். அதுதான் கப்பல் வழக்கம். உயிர் ஒரு துளி மிச்சமிருந்தாலும் ஊசி மூக்கில் இறங்கும்போது கத்திவிடுவான் என்பதற்காக ஏற்பட்டது. கெர்ப்ரண்ட் ஊசியை மூக்கருகே கொண்டு போனான். பளபளப்பான எஃகு ஊசி. அதன் மேல் மங்கலாக ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

சுற்றிலும் பார்த்தான். யாருமில்லை. ஊசியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். துணியை முகத்தின் மேல் மடித்து, மூக்கைத் தொடாமல் முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

மேல்தளத்தில் பலகையைச் சரித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆண்டவர் பேரால!" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். சரியும்போது துணி ஒருமுறை துள்ளியது. கப்பல் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

செத்தவனுக்கு வெட்டிய பாயில் மீந்த துணியையும் அவனோடு கடலில் போட்டுவிட வேண்டும். எந்த மாலுமியும் அதைத் தொட மாட்டான், காயத்துக்குக் கட்டுப் போடக்கூட எடுக்க மாட்டான். கெர்ப்ரண்ட் எடுத்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். நல்ல கெட்டித் துணி, வீணாக்குவானேன்? அதோடு மனதில் ஒரு குரூரமும் இருந்தது. ஊருக்கு வந்து, துக்கம் ஆறியதும் ஆல்த்யேவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, கட்டிலுக்குத் திரையும் மெத்தைக்கு உறையும் அதிலேதான் தைத்தான். அவளோடு அதற்குள் முதல்முறை படுத்தபோது, "பார்த்துக்கோடா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

குண்டுகளைக் கால்வாயில் எறிந்தான். இரண்டும் முழுகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது அந்த எண்ணம் வந்தது. உயிரோடுதானே உள்ளே போனான்? இடுப்பில் கத்தி இருந்திருக்கலாம். துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். பின்னால் வந்த ஏதாவது கப்பல் தூக்கியிருக்கலாம். ஊருக்கு வந்துவிட்டான். இவள் ஒளித்து வைத்திருக்கிறாள். பகலெல்லாம் என் கட்டிலில்!

பயத்தைவிட அந்த நினைப்பு அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. உயிரோடு இருப்பவனைக் குத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி இறங்கியது. கால்வாயும் இல்லை, எதிர் வீடும் இல்லை, சன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது.

"தலைவலி. நீ சர்ச்சுக்குப் போய்ட்டு வா," என்றான்.

ஆல்த்யே கருப்புத் தலையாடையைக் கட்டிக்கொண்டே அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் மாதிரி இருக்கே. படுத்துக்கோ. போதகர் நீட்டி முழக்காம இருந்தா மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்."

"உனக்கு என்மேல..." என்று ஆரம்பித்தான். முடிக்கத் தெரியவில்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. போ."

வாசலில் கிரீட்டின் குரலும் மரச்செருப்புகளின் சத்தமும் சேர்ந்து பனிக்குள் தேய்ந்தன. அவன் கதவைத் தாழிட்டான், பின்கதவையும் தாழிட்டுச் சன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தான், பரணைப் பார்த்தான், விறகு அறையைப் பார்த்தான்; எங்கும் யாரும் இல்லை என்று உறுதியான பிறகு கத்தியோடு கட்டிலுக்குள் ஏறிப் படுத்து, வருகிறவன் வரட்டும் என்று திரையைத் தன் கையாலேயே இழுத்து மூடி, கண் வைக்க ஒரு விரற்கடை இடைவெளி மட்டும் விட்டான்.

அடுப்பில் கரி சரிந்தது. தூரத்தில் துறைமுக மணி, பனிக்காக விட்டுவிட்டு அடித்தது. திரைக்குள் அவனுடைய மூச்சின் சூடு நிறைந்தது, வைக்கோலின் புழுக்கம், ஆல்த்யேயின் தலையணையில் அவள் கூந்தல் வாசனை. அதை முகர்ந்தபடி கிடந்தான். வீபே கட்டியிருந்தால் இந்த வாசனை வீபேக்கு என்று நினைத்தான். இன்றைக்கும் அந்த நினைப்பு சுருக்கென்றுதான் குத்தியது.

பிறகு சீட்டிச் சத்தம் கேட்டது.

பல்லிடுக்கில், மெல்லமாக. வாசல் பக்கமிருந்தும் இல்லை, பின்கதவுப் பக்கமிருந்தும் இல்லை. கால்மாட்டில், திரைக்கு அந்தப் பக்கம், மிக அருகில். கூடவே நீர் சொட்டும் சத்தம், ஓட்டுத் தரையில் ஒவ்வொன்றாக. இடைவெளியில் கண்ணை வைத்தான். தரை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, அதன் மேல் ஆல்த்யேயின் பின்னல். ஆள் இல்லை. தரையில் தண்ணீர் மட்டும் பரவிக்கொண்டே வந்தது.

கத்தியை இறுகப் பிடித்தான். "வீபே," என்றான். "வெளிய வாடா."

சீட்டி நிற்கவில்லை. காலடியில் ஏதோ கனமாக வைக்கப்பட்டது. ஒன்று. இன்னொன்று. சில்லென்ற இரும்பு. காலை உதற நினைத்தான், கால் அசையவில்லை. இடைவெளி தானாக மூடிக்கொண்டது. இருட்டு. தார் வாசனை.

துணியை ஊசி துளைத்தது. அந்தச் சத்தத்தை அவன் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறான், ஆனால் வெளியிலிருந்து மட்டும். முதலில் ஒரு சின்னக் குத்து. பிறகு நூல் கரகரவென்று இழுபடும் நீளச் சத்தம். பிறகு இறுக்கம்.

பாதம்.

கணுக்கால்.

கத்தி கையில்தான் இருந்தது. கை விலாவோடு ஒட்டியிருந்தது. துணி அதை அப்படியே சேர்த்து இறுக்கியது. நெற்றி கொதித்தது. நாக்கு தடித்து வாயை அடைத்தது. வீபேக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? எல்லாம் கேட்டுக்கொண்டு, எதுவும் சொல்ல முடியாமல்?

முழங்கால். இடுப்பு. சாவகாசமான கை. நல்ல கை. இடது கை.

மார்பு.

கழுத்து.

துணி முகத்தில் விழுந்தது. உப்பு ஈரம். அதற்குள் மூச்சு விட்டான். இன்னும் ஒரே ஒரு தையல்தான் பாக்கி. மூக்கில் போடுவது. போடட்டும். போட்டால் அலறுவேன். போட்டால் தெருவே கேட்கும்.

துணியைத் துளைத்துக்கொண்டு ஊசி முனை உள்ளே வந்தது. மூக்குக்கு நேராக. அந்த இருட்டிலும் அது பளபளத்தது. நின்றது.

அதன் மேல் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

குத்துடா, என்று கெஞ்சினான். உதடு அசையவில்லை. குத்திடுடா வீபே.

வாசல் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாள். மரச்செருப்புகள் படியில் கழன்றன. ஆல்த்யே! தன் முழு உயிரையும் திரட்டி அவளைக் கூப்பிட்டான். தொண்டையில் ஒரு சத்தமும் பிறக்கவில்லை. காலடிகள் தண்ணீரில் சளக்கென்று இரண்டு எட்டு வைத்து நின்றன. அவள் நிற்கிறாள். பார்க்கிறாள். திரையையா? திரைக்கு முன்னால் இருப்பதையா?

"வந்துட்டியா?"

அவள் அதைச் சொன்ன விதம் இருந்ததே.

ஊசி பின்வாங்கியது. முடிச்சு விழுந்தது. பல் நூலைக் கடித்தது. சுவருக்கு அப்பால், பனிக்கு அப்பால், ஒரு கப்பல் முழுக்க ஆண்களின் குரல்கள் சேர்ந்து ஆரம்பித்தன.

"ஒண்ணு."

தலைமாட்டுப் பலகை மெல்ல உயர்ந்தது.

"ரெண்டு."

கால்மாட்டுச் சுவர் இருந்த இடத்தில், வெகு ஆழத்தில், அலையடித்துக்கொண்டிருந்தது.